கால்பந்துக் கழகமும் இரண்டாம் அணியும்

நாட்டின் மனித வளத்தைப் பேணுவதைப் பற்றிப் பேசும்பொழுது கல்வி, உடல்நலம், தொழிற்பயிற்சி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. விளையாட்டுத் துறையிலும் அதே பிரச்சினை உண்டு. பன்னிரண்டு வயதில் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆறு ஆண்டுகள் உணவும் உறையுளும் பயிற்சியும் பெற்ற ஓர் இளைஞன் பதினெட்டாம் வயதில் பயிற்சிப் பள்ளியை விட்டு வெளியேறுகிறான். அவன் முதல் அணியில் இடம்பெறும் தகுதியைப் பெற இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் தேவை. அந்த இடைக்காலத்தில் அவன் எங்கே ஆடுவான் என்பதற்கு விடை இல்லையெனில், அதுவரை செய்த முதலீடு முழுவதும் வீணாகும். எனவே, கால்பந்துக் கழகம் ஒவ்வொன்றும் தனக்கென இரண்டாம் அணியொன்றை நடத்த வேண்டுமா என்னும் வினா அக்கழகத்தின் கணக்குப் புத்தகத்தோடு முடிந்துவிடுவதன்று.

இரண்டாம் அணி என்பது யாது?

ரிசர்வ் அணி எனப்படும் இரண்டாம் அணி, பயிற்சிப் பள்ளியினின்றும் வேறானது. பயிற்சிப் பள்ளி வயது வரம்புக்கு உட்பட்ட சிறுவர்களுக்குக் கற்பிக்கிறது. இரண்டாம் அணியோ ஒப்பந்தம் பெற்ற இளைஞர்களை, வயது முதிர்ந்த எதிரணிகளோடு, முடிவுக்கு மதிப்புள்ள ஆட்டங்களில் இறக்குகிறது. காயத்தினின்று மீளும் மூத்த ஆட்டக்காரர்களுக்கும் அது ஆடுகளம் தருகிறது. சுருங்கக் கூறின், பள்ளிக்கும் பணிக்கும் இடையிலுள்ள தொழில் பழகுநர் நிலை போன்றது அது.

தேவையின் அளவு

இத்தேவை எவ்வளவு பெரிது என்பதை எளிய கணக்கொன்றால் அறியலாம். 2024-25 இந்தியன் சூப்பர் லீக் பருவத்தில் 13 கழகங்கள் பங்குகொண்டன. ஒவ்வொன்றும் 24 லீக் ஆட்டங்கள் ஆடின. ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்குக் கிடைப்பது 11 பேருக்குத் தலா 90 நிமிடங்கள், அதாவது 990 நிமிடங்கள். 24 ஆட்டங்களுக்கு இது 23,760 நிமிடங்கள் ஆகும். களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வரை இருக்கலாம் என்பது விதி. அந்நான்கு இடங்களும் முழுமையாக நிரப்பப்பட்டால் 8,640 நிமிடங்கள் கழிந்து, இந்திய ஆட்டக்காரர்களுக்கு எஞ்சுவது 15,120 நிமிடங்களே.

கழகமொன்றில் 24 இந்திய ஆட்டக்காரர்கள் உள்ளனர் எனக் கொள்வோம். சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு 630 நிமிடங்கள், அதாவது ஏழு முழு ஆட்டங்கள் கிடைக்கும். ஆனால் எந்தப் பயிற்சியாளரும் சமமாகப் பங்கிடுவதில்லை. நிலையாக ஆடும் பத்துப் பேர் ஆறில் ஐந்து பங்கை எடுத்துக்கொண்டால், மீதமுள்ள 14 பேருக்கு ஓர் ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது தலா 180 நிமிடங்கள்; இரண்டே இரண்டு ஆட்டங்கள். டூரண்டு கோப்பை, சூப்பர் கோப்பை ஆட்டங்களைச் சேர்த்தாலும் நிலைமை பெரிதும் மாறாது. வயது குறைந்தவர்களே பெரும்பாலும் அந்தப் பதினால்வருள் இருப்பர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. நாள்தோறும் பயிற்சி செய்தும் ஆண்டுக்கு இரு ஆட்டங்களே ஆடுபவனின் திறன் வளர இயலாது.

பழைய ஏற்பாடு

முன்னாளில் இவ்விடைவெளி இந்தியாவில் வேறு வகையில் நிரப்பப்பட்டது. ரயில்வே, வங்கிகள், துறைமுகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவை இளம் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்துத் தம் அணிகளில் ஆடவைத்தன. பெரிய கழகத்தில் இடம் கிடைக்காதவன் அலுவலக அணியில் ஆடித் தேர்ச்சி பெற்றான். ஆட்டம் கைகொடுக்காவிடினும் சம்பளமும் ஓய்வூதியமும் அவனைக் காத்தன. மாநிலங்களுக்கிடையே 1941 முதல் நடைபெறும் சந்தோஷ் கோப்பைப் போட்டி இத்தகையோருக்குப் பெரும் மேடையாக விளங்கியது.

1996-இல் தேசிய லீக் தொடங்கி, 2007-இல் அது ஐ-லீக் ஆகி, 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தோன்றியபொழுது தொழில்முறை ஆட்டம் வலுப்பெற்றது. நிறுவன அணிகளின் இடம் சுருங்கியது. மஹீந்திரா யுனைடெட் 2010-இலும், ஜே.சி.டி. 2011-இலும் கலைக்கப்பட்டன. மேல்தளம் உயர்ந்தது, நடுப்படிகள் குறைந்தன.

இந்தியாவில் செய்யப்பட்ட முயற்சிகள்

இக்குறையை நீக்க அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010-இல் இளைஞர்களைக் கொண்ட ஏரோஸ் அணியை அமைத்து ஐ-லீக்கில் ஆடவிட்டது. அது 2013-இல் கலைக்கப்பட்டு, 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடைபெற்ற 2017-ஆம் ஆண்டில் மீண்டும் உருவாக்கப்பட்டு, 2022-இல் நிறுத்தப்பட்டது. நாடு முழுவதற்கும் ஒரே இரண்டாம் அணி என்று இதனைக் கூறலாம். அதனால் பயன் பெற்றோர் பலர். எனினும் ஓர் அணி ஆண்டுக்கு இருபது முப்பது பேருக்கே இடம் தர முடியும்.

2017-18 பருவம் முதல் சூப்பர் லீக் கழகங்களின் இரண்டாம் அணிகள் ஐ-லீக் இரண்டாம் பிரிவில் ஆட அனுமதிக்கப்பட்டன. அவற்றுக்குப் பதவி உயர்வு இல்லை. கொல்கத்தா, கோவா, கேரளம் ஆகியவற்றின் வட்டார லீக்குகளிலும் பெரிய கழகங்கள் இளைஞர்களையே மிகுதியாகக் கொண்ட அணிகளை இறக்கி வந்துள்ளன. 2022-இல் ரிலையன்ஸ் அறக்கட்டளையின் வளர்ச்சி லீக் கோவாவில் தொடங்கிற்று. முதல் பருவத்தில் பங்குகொண்டவை எட்டு அணிகள்; ஒவ்வொன்றுக்கும் கிடைத்தவை ஏழு ஆட்டங்கள்.

அந்த ஏழு ஆட்டங்களும் வீண்போகவில்லை. அவ்வாண்டு வளர்ச்சி லீக்கை வென்ற பெங்களூரு அணியில் ஆடியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன். சில மாதங்களில், 2022 செப்டம்பரில் நடந்த டூரண்டு கோப்பை இறுதியாட்டத்தில் மும்பை சிட்டிக்கு எதிராகப் பெங்களூருவின் முதல் கோலை அவர் அடித்தார். 2022-23 சூப்பர் லீக் பருவத்தின் சிறந்த வளரும் ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. ஓர் எடுத்துக்காட்டு விதியாகிவிடாது. ஆனால் படி இருந்தால் ஏறுபவர் உளர் என்பதை அது காட்டுகிறது.

செலவும் பயனும்

இரண்டாம் அணிக்கு எதிராகக் கூறப்படும் முதன்மையான வாதம் செலவு. இருபத்தைந்து பேருக்கு ஊதியம், தங்குமிடம், உணவு, பயணம், பயிற்சியாளர், உடலியக்க மருத்துவர் ஆகிய அனைத்தும் வேண்டும். நுழைவுச் சீட்டு வருவாயோ, ஒளிபரப்பு வருவாயோ இவ்வணிக்கு ஏறத்தாழ இல்லை.

இங்கு மொத்தச் செலவையும் கூடுதல் செலவையும் பிரித்துக் காண வேண்டும். ஏற்கனவே மைதானம், விடுதி, பயிற்சிப் பள்ளி ஆகியவை உள்ள கழகத்திற்கு இரண்டாம் அணி நடத்துவதால் ஏற்படும் கூடுதல் செலவு குறைவு. வாடகை மைதானத்தில் பயிற்சி செய்யும் கழகத்திற்கோ அச்சுமை மிகப் பெரிது. ஆகவே ஒரே அளவுகோலால் எல்லாக் கழகங்களையும் அளப்பது பொருந்தாது.

பயன் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கழகம் வளர்த்த ஆட்டக்காரரை மற்றொரு கழகம் கூடுதல் ஊதியம் தந்து அழைத்துக்கொள்ளலாம். செலவு ஒருவருடையது, பயன் பிறருடையது என்னும் நிலையில் தனியார் முதலீடு சமுதாயத்திற்குத் தேவையான அளவைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது பொருளியல் பாடம். பன்னாட்டுச் சம்மேளனமாகிய ஃபிஃபா இதற்கு ஒரு பரிகாரம் கண்டுள்ளது. ஒப்பந்தக் காலத்தில் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு மாறும்பொழுது, மாற்றுத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஆனால் இந்திய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் நாட்டுக்குள்ளேயே கழகம் மாறுவதால், இந்த வழியில் நம் கழகங்கள் எதிர்பார்க்கத்தக்கது சொற்பமே.

மறுபுறம், எல்லாக் கழகங்களும் வளர்க்காமல் வாங்க மட்டுமே முற்பட்டால் நேர்வது என்ன? தேர்ந்த இந்திய ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை கூடாது. அவர்களின் விலை மட்டும் ஏறும். இரண்டாம் அணியில் சேமித்த தொகை, ஊதியப் பட்டியலில் வேறு தலைப்பில் வெளியேறும்.

பிற நாடுகளின் அனுபவம்

ஸ்பெயினில் பெரிய கழகங்களின் இரண்டாம் அணிகள் நாட்டின் லீக் அமைப்பிலேயே ஆடுகின்றன. முதல் அணி உள்ள பிரிவில் மட்டும் அவை சேர இயலாது. ரியல் மாட்ரிடின் இரண்டாம் அணியான காஸ்டியா 1983-84-இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றும் பதவி உயர்வு பெறவில்லை. கடுமையான போட்டி இளைஞர்களுக்குக் கிடைக்கிறது. ஆயினும் சிறு கழகங்களின் இடத்தைப் பெரிய கழகத்தின் நிழல் பிடித்துக்கொள்கிறது என்னும் குறையும் உண்டு.

ஜெர்மனியில் 2014-இல் இரண்டாம் அணி நடத்தும் கட்டாயம் நீக்கப்பட்டது. உடனே லெவர்குசன், ஃபிராங்க்ஃபர்ட் ஆகிய கழகங்கள் தம் இரண்டாம் அணிகளை மூடின. திறமையுள்ளவன் பத்தொன்பது வயதில் நேரே முதல் அணிக்கு வந்துவிடுவான், மற்றவனை வேறு கழகத்திற்கு அனுப்பிவிடலாம் என்பது அவர்களின் கருத்து. ஆனால் ஃபிராங்க்ஃபர்ட் 2022-இல் இரண்டாம் அணியை மீண்டும் தொடங்கியது.

இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டு கழகம் இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. 2016-இல் அது பயிற்சிப் பள்ளியை மூடிவிட்டு இரண்டாம் அணியை மட்டும் வைத்துக்கொண்டது. சிறுவர்களை வளர்த்துப் பெரிய கழகங்களிடம் இழப்பதைவிட, அங்கே இடம் கிடைக்காது வெளியேறும் பதினெட்டு வயதினரை எடுத்து உருவாக்குவது மேல் என அக்கழகம் கணக்கிட்டது. 2021-இல் அது பிரீமியர் லீக்கில் நுழைந்தது. 2022-இல் பயிற்சிப் பள்ளியை மீண்டும் திறந்தபொழுதும் இரண்டாம் அணியைக் கைவிடவில்லை.

இவற்றால் பெறப்படுவது யாதெனில், இரண்டாம் அணி தன்னளவில் நன்மையோ தீமையோ அன்று. அதற்கு முன்னும் பின்னும் உள்ள படிகளைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது.

இரவல் முறை போதுமா?

தனி அணி நடத்துவதற்குப் பதிலாக இளைஞர்களைச் சிறு கழகங்களுக்கு இரவல் தரலாம் என்பர். இம்முறையில் செலவு குறைவு. இளைஞனுக்கு உண்மையான போட்டியும் கிடைக்கிறது. ஐ-லீக் கழகங்களுக்கும் திறமையானவர் கிடைக்கின்றனர். ஃபிஃபாவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் பன்னாட்டு இரவலின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினாலும், 21 வயது வரையிலான, கழகமே வளர்த்த ஆட்டக்காரர்களுக்கு விலக்கு அளிக்கின்றன.

ஆனால் இரவல் வாங்கிய கழகத்தின் நோக்கம் வெற்றி பெறுவது. இளைஞனை வளர்ப்பது அன்று. அவனை அங்கும் அமரவைத்துவிட்டால் கேட்பாரில்லை. உடல்நலக் கண்காணிப்பும் பயிற்சி முறையும் மாறிவிடுகின்றன. எனவே இருபது வயதைத் தொட்டு, ஓரளவு முதிர்ந்தவனுக்கு இரவல் ஏற்றது; பயிற்சிப் பள்ளியை அப்பொழுதே விட்டவனுக்குத் தாய்க் கழகத்தின் அணியே ஏற்றது.

செய்யத் தக்கவை

மேற்கூறியவற்றால் மூன்று நிபந்தனைகள் தெளிவாகின்றன. முதலாவது, ஆண்டுதோறும் இளைஞர்களை அனுப்பும் பயிற்சிப் பள்ளியோ, பிறர் கைவிட்டவர்களைத் தேடி எடுக்கும் ஏற்பாடோ இருத்தல் வேண்டும். இரண்டாவது, ஆண்டுக்கு இருபத்தைந்து ஆட்டங்களேனும் உறுதியாகக் கிடைத்தல் வேண்டும். ஏழு ஆட்டங்களுக்காக ஆண்டு முழுவதும் ஓர் அணியைப் பேணுவது சிக்கனமாகாது. மூன்றாவது, முதல் அணியின் பயிற்சியாளர் அங்கிருந்து ஆட்களை எடுக்கும் உறுதி பூண்டிருத்தல் வேண்டும். இம்மூன்றும் உள்ள கழகம் இரண்டாம் அணியை நடத்துவதே முறை. இல்லாத கழகம் பெயரளவில் ஓர் அணியை வைத்திருப்பதைவிட, அருகிலுள்ள சிறு கழகத்தோடு எழுத்து வடிவ ஒப்பந்தம் செய்துகொள்வது மேல்.

இவற்றுள் இரண்டாம் நிபந்தனை கழகங்களின் கையில் இல்லை. சம்மேளனமும் மாநிலச் சங்கங்களும் வட்டார லீக்குகளின் கால அட்டவணையை ஒழுங்குபடுத்தினாலன்றி அது நிறைவேறாது. அரசின் விளையாட்டு உதவித் தொகைகள் புதிய கட்டடங்களுக்கு மட்டுமன்றி, ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பெருக்கவும் செலவிடப்படுதல் நன்று.

இரண்டாம் அணியின் வெற்றியைக் கோப்பைகளால் அளத்தல் தவறு. அதிலிருந்து எத்தனை பேர் முதல் அணியில் எத்தனை நிமிடங்கள் ஆடினர் என்பதே சரியான அளவுகோல். ஐந்தாண்டுகளாக ஒருவரும் மேலேறாத அணி எத்தனை கோப்பை வென்றிருப்பினும் நோக்கத்தில் தோல்வியுற்றதாகும்.

இறுதியாக, மேலேறாதவர்களைப் பற்றியும் நினைத்தல் வேண்டும். இருபத்தைந்து பேரில் முதல் அணிக்கு வருவோர் சிலரே. லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமையால் 2025-26 பருவம் உரிய காலத்தில் தொடங்காதபொழுது, கழகங்கள் சில முதல் அணியின் ஊதியத்தையே நிறுத்திவைத்தன. அத்தகைய நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது இரண்டாம் அணியாகவே இருக்கும். ஆட்டத்தையன்றி வேறொன்றும் அறியாத இருபது வயது இளைஞன் அன்று எங்கே செல்வான்? பழைய அலுவலக அணி அளித்த வேலைப் பாதுகாப்பை இன்றைய கழகம் அளிக்க இயலாது. ஆனால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ, 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகவோ அவன் படிப்பைத் தொடரச் செய்ய இயலும். அதற்காகும் செலவு ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரின் ஊதியத்தில் சிறு துளியே. ஒப்பந்தத்தில் ஊதியத்திற்கு அடுத்த வரியாகக் கல்வியும் எழுதப்படுமானால், இரண்டாம் அணியை விட்டு வெளியேறுபவன் வெறுங்கையோடு வீடு திரும்பமாட்டான்.