‘உயிர் எதுவும் இல்லை’ என்று எழுதாதே

அன்புள்ள கயல்விழி,

உன் சித்தப்பா ஆழ்கடலில் அள்ளிவந்த தண்ணீரைப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, “தெளிந்த நீர், உயிர் எதுவும் இல்லை” என்று எழுதியிருக்கிறாய். முதல் பாதி சரி. அடுத்ததை அடித்துவிட்டு, “400 மடங்கில் எதுவும் புலப்படவில்லை” என்று எழுது. கண்ணுக்குப் படாததை இல்லையென்று முடிவுகட்டும் பழக்கம் எனக்குச் சற்றும் பிடிக்காது.

அந்த நீல நீரில் ஒரு மில்லிலிட்டருக்குள் பல லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். வைரஸ்கள் அதைவிடப் பன்மடங்கு. அந்தப் பாக்டீரியாக்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: புரோகுளோரோகாக்கஸ். குறுக்களவு ஏறத்தாழ 0.6 மைக்ரான், நூறு செல்களை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். ஒளிச்சேர்க்கை செய்பவற்றில் நாம் அறிந்த மிகச் சிறிய உயிர் இதுதான். உலகக் கடல்களில் இதன் தொகையை எழுத, 1 போட்டு 27 சுழியம் சேர்க்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் 1980களின் நடுப்பகுதி வரை யாரும் இதை அறியவில்லை. செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அளக்கும் கருவியைக் கப்பலில் ஏற்றிச் சென்றபோது, அளவீட்டின் ஓரத்தில் மங்கிய சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. கருவியின் கோளாறு போலத்தான் தெரிந்தது. ஆய்வாளர்கள் சாலி சிஸோமும் ராபர்ட் ஓல்சனும் அவற்றை ஒதுக்கிவிடவில்லை. அவை இந்த உயிரே என்பதை 1988இல் குழுவினருடன் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள்.

ஏன் இத்தனை சிறிது? கடல் உயிரியலிலேயே அழகான கணக்கு இதுதான் என்பேன். 1 செ.மீ. கனசதுரத்தின் பரப்பு 6, கன அளவு 1. பக்கத்தைப் பாதியாக்கு: பரப்பு 1.5, கன அளவு 0.125. விகிதம் 6இலிருந்து 12 ஆகிவிட்டது. சத்து அரிதான நீரில் உணவு மேற்பரப்பு வழியேதான் உள்ளே வர வேண்டும். ஆகவே சிறுத்தது பிழைக்கிறது. காகிதம் எடுத்துப் போட்டுப் பார், படித்துவிட்டு நகராதே.

புரோகுளோரோகாக்கஸ் ஒரே வகையும் அல்ல. மேல்மட்ட வெயிலுக்கு ஒன்று, 150 மீட்டருக்குக் கீழே மங்கிய ஒளிக்கு வேறொன்று. ஒரே இடத்து நீரில் நூற்றுக்கணக்கான உட்குழுக்கள் கலந்து வாழ்வதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

பால் டி குரூயிஃப் 1926இல் எழுதிய ‘மைக்ரோப் ஹன்டர்ஸ்’ (நுண்ணுயிர் வேட்டைக்காரர்கள்) நூலை இளமையில் ஆசையாகப் படித்தேன். ஆனால் அந்த வேட்டைக்காரர் பார்வை இன்னும் நம்மை விடவில்லை. நுண்ணுயிர் என்றதும் காலராவும் காசநோயும்தானா நினைவுக்கு வர வேண்டும்? நோய் தருபவை அந்தப் பெருங்கூட்டத்தில் மிகச் சிலவே.

விடுமுறைக்கு வரும்போது புதிதாக அள்ளிய நீரை ஐஸ் பெட்டியில், வெளிச்சம் படாமல் கொண்டுவா. கல்லூரி ஆய்வகத்தில் வடிகட்டி, அக்ரிடின் ஆரஞ்சுச் சாயம் ஏற்றி, ஒளிர்வு நுண்ணோக்கியில் வைக்கிறேன். நீயே எண்ணு.

அன்புடன்,
உன் ஆசிரியர்