தீவனத் தொட்டிக்கு எவர்சில்வர் தகடு

தை முதல் நாளில் ஜல்லிக்கட்டு நடைபெறும் அவனியாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் காளைகளோடு கறவை மாடுகளும் பேணப்படுகின்றன. சிமென்ட் தொட்டியில் நாள்தோறும் ஊற்றும் புளித்த கழுநீர், பூச்சை அரித்துவிடும். சொரசொரப்பான இடங்களில் பழைய தீவனம் தங்கிக் கெட்டுப்போகும். எனவே தொட்டியின் உட்புறம் எவர்சில்வர் தகடு பதிப்பது நல்ல முறையே. ஆனால் கவனம் தவறினால் ஆளுக்கும் மாட்டுக்கும் ஆபத்து.

தகட்டைத் தூக்கும் முறை

304 ரகத் தகடு ஏற்றது. இதில் சுமார் 18 சதம் குரோமியமும் 8 சதம் நிக்கலும் உண்டு. 1 மி.மீ. கனமுள்ள, 8 அடிக்கு 4 அடி தகடு ஏறத்தாழ 24 கிலோ எடை இருக்கும். தோல் கையுறை அணிந்து இருவர் தூக்க வேண்டும். பலத்த காற்றில் தூக்கக் கூடாது. தகடு நழுவினால் பிடிக்க முயலாமல் விலகிக்கொள்ளுங்கள்; அதன் விளிம்பு கத்திக்கு ஒப்பானது.

பொருத்தும் முறை

1. மாடுகளை அப்புறப்படுத்தி, தொட்டியின் வெடிப்புகளைச் சிமென்ட்டால் அடைத்து நன்கு உலரவிட வேண்டும்.

2. தகட்டைத் தொழுவத்துக்கு வெளியே வெட்டித் துளையிட வேண்டும். துளையிடும்போது கையுறையைக் கழற்றி, கண்ணாடி அணிந்து, தகட்டைப் பலகையோடு கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். ஈரத்தரையில் மின்கருவி கூடாது.

3. விளிம்புகளை அரை அங்குலம் மடக்கிவிட வேண்டும். இல்லையேல் மாட்டின் நாக்கு கிழிபடும்.

4. மேலே ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளை முழுவதும் உரித்தெடுக்க வேண்டும்.

5. எவர்சில்வர் திருகுகளையே பயன்படுத்தி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி முடுக்க வேண்டும். இரும்புத் திருகு துருப்பிடிக்கும்.

மிக முக்கியம்

துளையிடும்போது விழும் சுருள் தூளே பெரிய எதிரி. மாடு தீவனத்தைப் பொறுக்கித் தின்பதில்லை, அப்படியே விழுங்கும். கூரான உலோகம் இரண்டாவது வயிற்றில் தங்கி, அதைத் துளைத்து இதயம்வரை சென்று உயிரைப் போக்கலாம். இரும்புத் தூளைக் காந்தத்தால் எடுத்துவிடலாம். 304 ரகத் தூள் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே ஈரத்துணியால் இருமுறை துடைத்து, நீர்விட்டுக் கழுவிய பிறகே தீவனம் இடுங்கள்.

உப்பு எவர்சில்வரையும் அரிக்கும். எனவே உப்புக் கலந்த தீவனம் வைத்த தொட்டியைத் தினமும் நல்ல நீரால் கழுவி வந்தால் தகடு பல்லாண்டு உழைக்கும்.