மலை ஏறினால் கொதிக்கும் மாற்று இன்ஜின்: பட்டறை மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: எங்களிடம் அப்பா வாங்கிய 1991 மாடல் அம்பாசிடர் டீசல் கார் இருக்கிறது. பழைய 1500 சி.சி. இன்ஜின் ஜாம் ஆகிவிட்டதால், கோவையில் ஒரு பட்டறையில் பழைய இசுசு 2 லிட்டர் டீசல் இன்ஜின் ஒன்றை வாங்கிப் பொருத்தினார்கள். இன்ஜின், கூலி எல்லாம் சேர்த்து 1,60,000 ரூபாய் கொடுத்தோம். ஊருக்குள் நன்றாக ஓடுகிறது. குன்னூரில் அக்கா வீட்டுக்குப் போகும்போது, மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் பர்லியாறு வருவதற்குள் ஊசி சிவப்புக்குப் போய்விடுகிறது. முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டார்கள். பிறகு ரேடியேட்டரில் அடைப்பு எடுத்தார்கள். இரண்டுக்கும் தனியாகப் பணம் வாங்கினார்கள். இப்போது ஹெட் கேஸ்கட் போய்விட்டது, 45,000 ரூபாய் கட்டினால்தான் வண்டி வெளியே வரும் என்கிறார்கள். பில் கிடையாது. கையெழுத்துப் போட்ட எஸ்டிமேட் சீட்டும், ஜிபே பதிவுகளும், வாட்ஸ்அப் பேச்சுகளும் இருக்கின்றன. ஆர்.சி.யில் இன்னும் பழைய இன்ஜின் நம்பர்தான். “ஆர்டிஓ வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். வழக்குப் போட்டால் நானே மாட்டிக்கொள்வேனா?

– வாசகர், திருப்பூர்

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பாக, இன்னும் ஒரு ஸ்பேனர் அந்த இன்ஜினைத் தொடுவதற்கு முன்பாக, அது ஏன் சூடாகிறது என்பதை விவரம் தெரிந்த ஒருவரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். இன்ஜினைத் திறந்து கேஸ்கட்டை மாற்றிவிட்டால் உங்கள் முக்கியமான சாட்சியம் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

சூடாவதற்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கலாம். வாங்கிப் போட்ட இன்ஜினே ஏற்கெனவே ஹெட் வளைந்தோ விரிசல் விட்டோ வந்திருக்கலாம். இன்ஜின் நல்லதாக இருந்து, அதற்கேற்ற ரேடியேட்டரும் ஃபேனும் பொருத்தாமல் விட்டிருக்கலாம். அல்லது, ஊசி சிவப்புக்குப் போன பிறகும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டியதால் கேஸ்கட் போயிருக்கலாம். முதல் இரண்டுக்கும் பட்டறை பொறுப்பு. மூன்றாவது உங்கள் தலையில் விழும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவின்படி நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அதைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழிகளையும் பார்ப்பார்கள். எனவே சிவப்பு ஊசியோடு எத்தனை முறை ஏறினீர்கள், எங்கே நிறுத்தினீர்கள், எப்போது பட்டறைக்குத் தகவல் சொன்னீர்கள் என்பதைத் தேதிவாரியாக உண்மையாக எழுதி வையுங்கள். மறைத்தால் குறுக்கு விசாரணையில் வெளியே வந்துவிடும்.

ஊருக்குள் ஓடுகிறது, மலையில் கொதிக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது நல்ல தடயம். கல்லாறு தாண்டியதும் இரண்டாவது கியரில் ஏறும் வண்டிக்கு இன்ஜின் பாரம் அதிகம். வேகம் இல்லாததால் எதிர்க்காற்றும் இல்லை. முழு வெப்பத்தையும் ரேடியேட்டரும் ஃபேனும்தான் இறக்க வேண்டும். 1489 சி.சி. இன்ஜினுக்கு அளவெடுத்த ரேடியேட்டரையே 1995 சி.சி. இன்ஜினுக்கும் வைத்திருந்தால் இப்படித்தான் நடக்கும். புது இன்ஜின் உட்கார்ந்த இடத்தால் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கையகல இடைவெளி விழுந்து, சுற்றிலும் ஷ்ரௌட் தகடும் இல்லாவிட்டால், ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். ரேடியேட்டர் மூடியையும் பார்க்கச் சொல்லுங்கள். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் அந்தக் கொதிநிலை உயரும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டது வைத்தியமே இல்லை. பெரும்பாலும் அது நோயை மறைக்கும் வேலைதான்.

“ஊட்டி ரோட்டில் எல்லா வண்டியும் அப்படித்தான்” என்று பட்டறை சொல்லக்கூடும். அடிக்கடி குன்னூர் போவோம் என்று வேலை கொடுக்கும் முன்பே அவரிடம் சொல்லியிருந்தால் அந்தப் பதில் எடுபடாது. என்ன உபயோகத்துக்கு என்று சொல்லி, விற்பவரின் தொழில்திறமையை நம்பி வாங்கும் பொருள் அந்த உபயோகத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது 1930-ம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு. குன்னூர் என்ற ஒரு சொல் அந்த வாட்ஸ்அப் பேச்சில் எங்காவது இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். குரல் பதிவானாலும் சரி. போனை மாற்றவோ பழைய பேச்சை அழிக்கவோ வேண்டாம். மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவின்படியான சான்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆய்வு யாரிடம்? ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர், உரிமம் பெற்ற வாகனக் காப்பீட்டு சர்வேயர், ஆட்டோமொபைல் துறை உள்ள பொறியியல் கல்லூரி, இவற்றில் எது கிடைத்தாலும் போதும். இன்னொரு மெக்கானிக் வாயால் சொல்லும் கருத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் எடை குறைவு. ரேடியேட்டருக்குள் போகும் ஹோஸிலும் வெளியே வரும் ஹோஸிலும் வெப்பத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். ரேடியேட்டரின் அளவு, ஃபேன் இடைவெளி, சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்ட்டில் கலக்கிறதா என்ற சோதனை எல்லாம் அறிக்கையில் வர வேண்டும். ஹெட்டைக் கழற்றுவது கட்டாயம் என்றால் அந்த நிபுணர் முன்னிலையில், வீடியோ எடுத்துக்கொண்டு கழற்றட்டும். ஹெட்டின் மட்டத்தை ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து, ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கட்டும். எரிந்த கேஸ்கட்டைக் கவரில் போட்டுத் தேதி எழுதி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிலிண்டருக்கு நடுவே கருகிய தடம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது சில வழக்குகளில் பத்துப் பக்க வாதத்தைவிட அதிகம் பேசும்.

வண்டியைப் பிடித்து வைத்திருப்பது பற்றி. ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவு, ஒப்படைத்த பொருளின் மேல் உழைப்பும் திறமையும் செலவிட்டவருக்கு, செய்த வேலைக்கான கூலி வரும்வரை அதை நிறுத்தி வைக்கும் உரிமை தருகிறது. செய்து முடித்த வேலைக்குத்தான் அந்த உரிமை. இனிமேல் செய்யப்போகும் 45,000 ரூபாய் வேலைக்காக வண்டியைப் பூட்டி வைக்க அதில் இடமில்லை. பழைய பாக்கி ஏதாவது உண்மையிலேயே இருந்தால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துக் கட்டிவிட்டு வண்டியை எடுங்கள். அப்போதும் தராவிட்டால், புகாரோடு சேர்த்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 38(8) பிரிவின்படி இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

இனி நீங்கள் பயப்படும் விஷயம். பயத்தில் நியாயம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே வாசித்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின் நான்காவது உட்பிரிவு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. அதே ரக இன்ஜின் என்றால் ஆர்டிஓவில் பதிவு செய்வது எளிது. உங்களுடையது கொள்ளளவே மாறிய இன்ஜின். அம்பாசிடரை அதைத் தயாரித்த நிறுவனமே பின்னாளில் இசுசு 2 லிட்டர் டீசலோடு விற்றது என்பது உங்களுக்குச் சாதகமான வாதம். அது உறுதியான வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் வண்டிக்கு 1991-ல் குறித்த விவரம் வேறு.

ஒளிப்பதில் லாபம் இல்லை. அடுத்த முறை பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது ஆய்வாளர் இன்ஜின் நம்பரைப் பார்க்கத்தான் போகிறார். இடையில் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதைப் பிடித்துக்கொள்ளும். நீங்களே விண்ணப்பம் கொடுங்கள். அதற்கு அந்த இன்ஜினை வாங்கிய பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகலும் வேண்டும். அவற்றைப் பட்டறையிடம் எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால், இன்ஜின் திருட்டு வண்டியினுடையதா என்பதைக் காவல் நிலையத்தில் விசாரித்துவிடுவது உங்களுக்குப் பாதுகாப்பு. ஆர்டிஓ மறுத்தால் உத்தரவை எழுத்தில் வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 57-வது பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முடிவு வரும்வரை வண்டி ரோட்டுக்கு வர வேண்டாம்.

ஆர்.சி. மாறாததால் நுகர்வோர் வழக்கு தானாகத் தோற்றுவிடாது. எதிர்த்தரப்பு அதைச் சொல்லும், ஆணையம் இழப்பீட்டைக் குறைக்கவும் கூடும். ஆனால் ஆர்டிஓ வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பணம் வாங்கியவர், அதைச் செய்யாமல் விட்டதே ஒரு சேவைக் குறைபாடு. ஒப்பந்தமே செல்லாது என்று அவர் வாதிட்டால், செல்லாத ஒப்பந்தத்தில் பெற்ற பலனைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தச் சட்டத்தின் 65-வது பிரிவை நீங்கள் மாற்று வாதமாக எடுத்து வைக்கலாம். பில் தராததற்கும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே வகைப்படுத்துகிறது.

நிபுணர் அறிக்கை கையில் வந்ததும், 15 நாள் அவகாசம் கொடுத்து ஒப்புகையுடன் கூடிய ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். அதில் இரண்டு வழி கேளுங்கள்: ஏற்ற ரேடியேட்டர், ஃபேன், ஷ்ரௌட் பொருத்தி ஹெட் வேலையையும் அவர்கள் செலவில் முடித்து மலைப்பாதையில் ஓட்டிக் காட்டுவது, அல்லது பணத்தைத் திருப்பித் தருவது. என் யோசனை, முதல் வழிக்கு நிஜமாகவே இடம் கொடுங்கள். குறை ரேடியேட்டரோடு நின்றுவிட்டால் இது பேசித் தீரக்கூடிய விவகாரம். ஆனால் அந்தச் சமரசத்திலும் ஆறு மாத உத்தரவாதத்தை எழுதி வாங்குங்கள்.

பதில் வராவிட்டால், பட்டறை கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முதல் முறை ஊசி சிவப்புக்குப் போன நாளையே தொடக்கமாக வைத்துக் கணக்கிடுங்கள். பட்டறை ஒவ்வொரு முறையும் ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று சொல்லிக்கொண்டிருப்பதால் அந்தக் கெடு நீளாது.