மருந்துவாழ் மலை: கணக்கை இறக்கத்திலிருந்து போடுங்கள்

எங்கள் ஊருக்குப் பெயரே கருங்கல். பாறையைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதாலேயே பாறை மலையை நாங்கள் கொஞ்சம் எளிதாக எடுத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் போனேன். முதல் தடவை மருந்துவாழ் மலையில் ஏறத் தொடங்கும்போது காலை பத்து மணி. கையில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். உச்சியிலேயே அது காலி. இறங்கும்போது பிடிமானத்துக்குக் கை வைத்த பாறை தோசைக்கல்லாகச் சுட்டது. கை வைக்க முடியாத இடத்தில் கால் எப்படி நிற்கும்? உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்துதான் கீழே வந்தேன்.

அதிலிருந்து என் திட்டம் எப்போதும் தலைகீழாகத்தான் தொடங்கும். எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று யோசிப்பதில்லை. எத்தனை மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்பதை முதலில் தாளில் எழுதுவேன். 10.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்க ஒன்றரை மணி நேரம் என்றால், 9 மணிக்கு உச்சியை விட்டுவிட வேண்டும். மேலே முக்கால் மணி நேரம் இருப்பீர்கள். புதிதாக ஏறுகிறவருக்கு ஏற்றம் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆக, 6.15-க்கு அடிவாரத்தில் முதல் அடி வைக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் மலையேறி நைஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அது திடமான ஆளுக்கு, நல்ல பாதைக்கு. கையூன்றி ஏறும் பாறைக்கும் நம் ஊர் வெயிலுக்கும் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கருங்கல்லிலிருந்து திங்கள்சந்தை, நாகர்கோவில் வழியாகப் போய், கன்னியாகுமரி சாலையில் சுசீந்திரம் தாண்டிப் பொற்றையடியில் இறங்க வேண்டும். பொற்றை என்றால் பாறைக்குன்று. ஊர்ப் பெயரே இடம் சொல்லும். விடியுமுன் இரண்டு பஸ் மாறுவது கஷ்டம். பைக்கோ காரோ இருந்தால் 4.45-க்குப் புறப்படுங்கள்.

மாதத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று சாதாரணமல்ல. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். அந்தக் காற்றில் திறந்த பாறை முகட்டில் நிற்கக் கூடாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் மதியத்துக்குமேல் இடி. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குள் இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே முகட்டை விட்டு இறங்குங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். தை, மாசிதான் என் தேர்வு.

பையில் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். குறைக்காதீர்கள். மட்டிப்பழம் ருசிதான், ஆனால் நசுங்கிவிடும், நேந்திரம்பழம் தாங்கும். கூடவே ஒரு துண்டு கருப்பட்டி, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. எதையும் பாலித்தீன் பையில் போட்டுக் கையில் தூக்கிப் போகாதீர்கள். குரங்கு அந்தச் சத்தத்துக்கே வரும். ரப்பர் அடி தேயாத ஷூ, தொப்பி, டார்ச், பஞ்சு, கட்டுத்துணி. கைகள் இரண்டும் காலியாக இருக்க வேண்டும்.

பரமார்த்தலிங்கர் கோயில் வரை படி இருக்கிறது. படியில் வேகம் காட்டுகிறவர்கள்தான் பிறகு திணறுவார்கள். கோயிலுக்கு மேலே பாறையும் புதரும்தான் பாதை. இங்கே பாறையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பாறை முகத்தில் மேலிருந்து கீழே கறுப்புக் கோடுகள் ஓடும். மழைநீர் வழிந்த தடம் அது, காய்ந்த பாசி. வெயிலில் ஒன்றும் செய்யாது. பனி பட்ட காலையில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். கோடுகளுக்கு நடுவே வெளிறிய, சொரசொரப்பான பரப்பு இருக்கிறது. பாதம் முழுவதையும் அதில் பதியுங்கள். பொந்துக்குள் பார்க்காமல் கை விடாதீர்கள், தேள் இருக்கலாம்.

வழியில் பிள்ளைத்தடம் குகை. 1888-இல் அருவிப்புறத்தில் சிவப் பிரதிஷ்டை செய்வதற்கு முன் கேரளத்தின் துறவி நாராயண குரு தவமிருந்த இடம் இது. தலை குனிந்து உள்ளே போய் ஐந்து நிமிடம் உட்காருங்கள். அந்தக் குளிர்ச்சியில் நேரம் போவது தெரியாது, கடிகாரத்தைப் பாருங்கள். உச்சியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் குளமும் காற்றாலைகளும். 9 மணியானால் கிளம்ப வேண்டும். 8.45-க்கு இன்னும் உச்சி எட்டவில்லையென்றால் அங்கேயே திரும்புங்கள்; மலை அடுத்த வாரமும் இருக்கும்.

ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டு வாங்கும். சின்ன அடியாக, முழங்காலை லேசாக மடக்கி வையுங்கள். செங்குத்தான இடத்தில் பாறையைப் பார்த்துத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்குங்கள்.

தனியாகப் போகாதீர்கள், மூன்று பேராவது வேண்டும். அனுமதி, கட்டுப்பாடு பற்றி முந்தைய நாளே விசாரியுங்கள். தாடகை மலை போன்ற காட்டுப் பகுதிகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போன இருபது பேருக்கு மேல் காட்டுத் தீயில் இறந்தார்கள். மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் இறுகியது அதற்குப் பிறகுதான். தீப்பெட்டியே எடுத்துப் போகாதீர்கள். மூலிகை என்று யாராவது காட்டினால் பாருங்கள், பிடுங்காதீர்கள்.

போகும் வழியையும் இறங்கும் நேரத்தையும் வீட்டில் சொல்லியிருப்பீர்கள் அல்லவா? அடிவாரம் வந்ததும், தண்ணீர் குடிப்பதற்கு முன்பே போன் போட்டு "இறங்கியாச்சு" என்று சொல்லுங்கள். அங்கே ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.