இருமலுக்குக் காரணம் கல்தூசி மட்டும்தானா?

கேள்வி: மாமல்லபுரத்தில் கல் சிற்ப வேலை செய்கிறேன். வயது 54. ஒன்றரை வருடமாக பிரஷர் இருக்கிறது. காலையில் எனலாப்ரில், இரவில் அம்லோடிபின் போடுகிறேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்துவிடுகிறார்கள். மூன்று மாதமாக வறட்டு இருமல்; கல்தூசிதான் என்று விட்டுவிட்டேன். முதுகுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரையை இரவில் போட்டால்தான் தூக்கம் வருகிறது. போன மாதம் பார்த்தபோது பிரஷர் 130/80. சரியாகிவிட்டதே என்று பத்து நாளாக பிரஷர் மாத்திரை இரண்டையும் நிறுத்தியிருக்கிறேன். "அது பாம்பு விஷத்துல செய்யுற மாத்திரை, கிட்னியத் தின்னுடும்" என்கிறார் பட்டறையில் கூட வேலை செய்பவர். உண்மையா டாக்டர்?
— வாசகர், மாமல்லபுரம்

பதில்: அந்த 130/80 மாத்திரை போட்டுக்கொண்டிருந்தபோது வந்த அளவு. முட்டுக் கொடுத்து நிறுத்திய கல் சாயவில்லை என்பதற்காக முட்டுக்கட்டையை உருவிவிடுவீர்களா? நிறுத்திய மறுநாளே பிரஷர் ஏறிவிடாது. அம்லோடிபின் உடம்பை விட்டுப் போகவே பல நாள் ஆகும். அதனால்தான் 'நிறுத்தியும் நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று தோன்றுகிறது. பிரஷர் ஏறும்போது தலைவலியோ மயக்கமோ வந்து எச்சரிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அளந்து பார்த்து, அங்குள்ள மருத்துவர் சொல்கிறபடி மாத்திரையைத் திரும்பத் தொடங்குங்கள். (இதைப் படிப்பவர்களில் அட்டெனலால் போடுபவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை: அதைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரைக்கும் கொண்டுபோய்விடும்.)

இனி பாம்பு விஷயம். உங்கள் நண்பர் சொன்னது முழுப் பொய்யில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்த்து அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். அங்கே நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் விஷம் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் போகிறது. பிரஷர் மாத்திரைக்கு இல்லை. நம் மாத்திரையின் கதை பிரேசிலில் தொடங்குகிறது. அங்குள்ள ஜராராகா என்ற விரியன் வகைப் பாம்பின் விஷம், பிராடிகைனின் என்ற பொருளை உடம்பில் சிதையவிடாமல் அதன் வேலையைக் கூட்டுகிறது என்று 1965-இல் செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற விஞ்ஞானி எழுதினார். பிராடிகைனின் ரத்தக் குழாயைத் தளர்த்தும், பிரஷர் இறங்கும். அந்தத் தடத்தைப் பிடித்துப் போய்ச் செய்ததுதான் கேப்டோப்ரில்; 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனலாப்ரில் அதன் தம்பி. தொழிற்சாலையில் வேதிப்பொருட்களிலிருந்து செய்வது. அதில் துளி விஷம் கிடையாது.

உங்கள் இருமலுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு இருக்கலாம். அதே பிராடிகைனின் மூச்சுக் குழாய்ப் பக்கம் சேர்ந்தால் தொண்டையில் குறுகுறுப்பும் சளியே இல்லாத இருமலும் வரும். எனலாப்ரில் போடுபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது உண்டு. மாத்திரை தொடங்கி மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். நிறுத்தினால் ஒன்று முதல் நான்கு வாரத்தில் அடங்கும். பத்து நாளில் இருமல் கொஞ்சமாவது குறைந்திருக்கிறதா? அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். லோசார்டன், டெல்மிசார்டன் மாதிரி வேறு மாத்திரைக்கு மாற்றிவிடுவார். அவற்றில் இந்தத் தொல்லை அரிது. ஆனால் மாத்திரைமேல் பழியைப் போட்டுவிட்டு நுரையீரலை விட்டுவிடக் கூடாது. கருங்கல்லை கிரைண்டரில் அறுக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரல் தழும்பேறும். காசநோயும் எளிதில் தொற்றும். நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மூக்கில் துண்டு கட்டுவது இந்தத் தூசிக்குப் போதாது. எனலாப்ரில் போடுகிற யாருக்காவது உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்கினால் மட்டும் வேறு யோசனையே வேண்டாம், உடனே 108.

கிட்னிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அந்த முதுகுவலி மாத்திரைதான். டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை பிரஷரை ஏற்றும். பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். எனலாப்ரிலோடு தினமும் சேர்ந்தால், அதுவும் கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உளி பிடிப்பவருக்கு, கிட்னிக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். கூடவே நீர் மாத்திரையும் இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். கெட்ட பெயர் பிரஷர் மாத்திரைக்கு. வேலையைச் செய்வது பெரும்பாலும் இந்த வலி மாத்திரை! வலிக்கு பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமே விசாரிக்கலாம். கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம். வாந்தி பேதி வந்தால் எனலாப்ரிலை அன்று போடலாமா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். 'பிரஷர்காரர்களுக்கு நல்லது' என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். எனலாப்ரில் உள்ளவர் அதைத் தானாக வாங்கக் கூடாது. சாதாரண உப்பையே நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், நிறுத்துங்கள். கருவாடும் அந்தக் கணக்கில்தான் வரும் (கடற்கரை ஊர்க்காரரிடம் இதைச் சொல்ல எனக்கே சங்கடம்).

அம்லோடிபினால் சாயங்காலம் கணுக்கால் வீங்கலாம். சொன்னால் அளவையோ மாத்திரையையோ மாற்றுவார்கள். ஒரு வேளை மறந்தால் அன்றைக்கே ஞாபகம் வந்தபோது போடுங்கள். மறுநாள் வந்துவிட்டால் வழக்கமானது மட்டும்தான், இரட்டையாக வேண்டாம். அட்டையை வண்டி சீட்டுக்கு அடியிலோ பட்டறைத் தகரக் கூரைக்குக் கீழேயோ வைக்காதீர்கள். வண்டியை விட்டு இறங்கிய சூட்டில், டீ குடித்த கையோடு பிரஷர் பார்க்கவும் வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை மேசைமேல் வைத்துப் பாருங்கள்.

நாளைக்குப் போகும்போது எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். மெடிக்கலில் கத்தரித்துக் கொடுத்த துண்டில் பெயரும் தேதியும் இருக்காது. எதற்கும் குப்பைக் கூடையில் பழைய முழு அட்டை கிடக்கிறதா என்று பார்த்து, அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.