பறங்கிக்கல்லும் எம்டனும்: பினாங்குச் சுற்றுலாவில் தமிழைத் தேடுதல்

முன்னுரை

பினாங்கு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன கடற்கரை, நாசி கண்டார், சுவரோவியங்கள் ஆகிய மூன்றுமே. ஜார்ஜ்டவுன் நகரம் 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பிறகு இங்கு வரும் சுற்றுப்பயணிகளின் கூட்டம் பெருகியது. நம் கழகமும் ஆண்டுதோறும் புதிய மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு தீவைச் சுற்றி வருகிறது. படம் எடுக்கிறோம், ஜாதிக்காய் வாங்குகிறோம், பாட்டுப் பாடிக்கொண்டே விடுதிக்குத் திரும்புகிறோம்.

இதில் தவறொன்றுமில்லை. ஆயினும், தமிழ்மொழிக் கழகம் நடத்தும் சுற்றுலாவுக்கும் மற்றக் கழகங்கள் நடத்தும் சுற்றுலாவுக்கும் ஏதேனும் வேறுபாடு இருக்க வேண்டாமா? இக்கேள்வியை முன்வைத்து, முப்பத்தெட்டுப் பேர் கொண்ட எங்கள் குழு இரண்டு நாள்கள் மேற்கொண்ட பயணத்தின் வழித்தடத்திலேயே இக்கட்டுரையை அமைத்துள்ளேன். நகரம், தீவு, கடற்கரை ஆகிய மூன்றிலும் தமிழர் சுவடுகள் எங்கெங்கு உள்ளன என்பதையும், அவற்றைக் காட்டித் தரும் சொற்கள் எவை என்பதையும் காண்போம்.

கோட்டை சொல்லாத கதை

பயணத்தைக் கார்ன்வாலிஸ் கோட்டையில் தொடங்குவதே முறை. பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உடைமையாக்கினார். முதலில் நிபோங் மரங்களால் வேலி போல எழுப்பப்பட்ட அரண், 1804 முதல் 1810 வரையிலான காலத்தில் செங்கல்லாலும் கல்லாலும் திருத்திக் கட்டப்பட்டது. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு இதற்குப் பயன்படுத்தப்பட்டது. கோட்டை மதிலின் மேலிருக்கும் செரி ரம்பாய் பீரங்கி 1603ஆம் ஆண்டைச் சேர்ந்தது. டச்சுக்காரர்கள் ஜொகூர் சுல்தானுக்கு அளித்த அன்பளிப்பு.

இவ்வளவையும் எந்த வழிகாட்டியும் சொல்வார். தமிழ் மாணவர் அறிய வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. சிவகங்கைச் சீமையில் ஆங்கிலேயரை எதிர்த்த மருது சகோதரர்கள் 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதற்கடுத்த ஆண்டில், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டனர். அவர்கள் கொண்டுவரப்பட்ட இடம், அன்று 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்று வழங்கப்பட்ட இதே பினாங்குதான்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் தேசிய இடைநிலைப்பள்ளியில் அதற்கு மேலும் படித்தவன். பிரான்சிஸ் லைட்டின் பெயரைத் தேர்வுக்காக மனனம் செய்திருக்கிறேன். மருது பாண்டியரைத் தமிழகத்துக் கதையாக மட்டுமே அறிந்திருந்தேன். இவ்விரு வரலாறும் ஒரே கரையில் சந்திக்கின்றன என்பதைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்னரே அறிந்தேன். நம்மில் பெரும்பாலோரின் நிலை இதுவாகவே இருக்கும்.

கோட்டைக்கு அருகிலேயே விக்டோரியா மகாராணி நினைவு மணிக்கூண்டு நிற்கிறது. மகாராணியின் அறுபதாண்டு ஆட்சியைக் கொண்டாட, செல்வந்தர் சியா சென் இயோக் 1897இல் இதனை வழங்க முன்வந்தார்; ஓர் ஆண்டுக்கு ஓர் அடி என்ற கணக்கில் அறுபதடி உயரம். அதைச் சற்றே பார்த்துவிட்டுக் குட்டி இந்தியாவை நோக்கி நடக்கலாம்.

1801, 1816, 1833

லெபோ குயினில் உள்ள அருள்மிகு மகா மாரியம்மன் ஆலயம் பினாங்கின் மிகப் பழைய இந்து ஆலயம். 1801இல் தமிழர் தலைவராக விளங்கிய பெட்டி லிங்கச் செட்டியிடம் இந்நிலம் வழங்கப்பட்டது. 1833இல் ஆலயம் எழுந்தது. அதே 1801இல், சற்றுத் தள்ளி, காதர் மொஹிதீன் என்னும் வணிகர் முன்னின்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைத் தோற்றுவித்தார். சூலியா சாலையில் நாகூர் ஆண்டவர் நினைவாக எழுந்த தர்காவும் இருக்கிறது. வங்கக் கடலின் மேற்குக் கரையில் நாகூரில் வேண்டிக்கொண்டு கப்பலேறியவர்கள், இக்கரையிலும் அதே பெயரைச் சொல்லிக் கைகூப்பினர்.

இங்குச் சொற்களைக் கவனிக்க வேண்டும். 'சூலியா' என்பது சோழர் பெயரோடு தொடர்புடைய சொல். தமிழ் முஸ்லிம்களைக் குறிக்க வழங்கியது. 'கெலிங்' என்பது கலிங்கம் என்பதிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் தென்னிந்தியரைப் பொதுவாகக் குறித்த இச்சொல் இன்று நம்மை இழிவுபடுத்தும் சொல்லாக மாறிவிட்டது. ஒரு சொல் பள்ளிவாசலின் பெயரில் மதிப்போடு நிற்கிறது. அதே சொல் தெருவில் ஏச்சாக ஒலிக்கிறது. மொழி மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பறையில் கிடைக்காது எனலாம். மலாய்மொழியில் வழங்கும் கப்பால், கெடாய், கூயில், பெத்தி, காத்தில் ஆகியவை நம் கப்பல், கடை, கோயில், பெட்டி, கட்டில் என்பதையும் இத்தெருக்களில் நடக்கும்போதே புதிய மாணவர்களுக்குச் சொல்லலாம்.

ஃபார்குவார் சாலையில் மாநில அருங்காட்சியகமாக மாறிய பழைய கட்டடத்தைக் காணாமல் செல்லக்கூடாது. பினாங்கு ஃபிரீ ஸ்கூல் 1928இல் கிரீன் லேனுக்கு மாறும் முன் இயங்கிய இடம் அது. பாதிரியார் ஹட்சிங்ஸ் 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அப்பள்ளியை நிறுவினார். அங்குத் தொடங்கிய தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். 2016இல் நாடு முழுதும் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோமே, அதன் வேர் இங்கேதான். தமிழ்ப்பள்ளியில் படித்து இன்று பட்டக்கல்வி பயிலும் நாம், இப்பள்ளியின் கதை தெரியாமல் இக்கட்டடத்தைக் கடந்து போவது பொருந்தாது.

'எம்டன்' வந்த கடல்

துறைமுகப் பக்கம் நின்றபோது குழுவினரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "அவன் பெரிய எம்டன்' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, எம்டன் என்றால் யார்?" எமனின் உறவினன் என்று ஒருவர் கூறினார். எல்லாரும் சிரித்தார்கள்.

எம்டன் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். முதல் உலகப்போரின்போது, 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்துவிட்டு மறைந்தது. சென்னையே அஞ்சியது. அந்த அச்சமும் வியப்பும் கலந்து, திறமையும் துணிவும் மிக்கவனை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கம் தமிழில் நிலைத்தது.

அதே கப்பல் அக்டோபர் 28ஆம் நாள் அதிகாலையில், ஆங்கிலக் கப்பல் போலத் தோன்றுவதற்காகப் பொய்யான நான்காவது புகைபோக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டு பினாங்குத் துறைமுகத்திற்குள் நுழைந்தது. அங்கு நின்ற ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பலை மூழ்கடித்தது; வெளியேறும் வழியில் பிரான்சின் மூஸ்கே கப்பலையும் மூழ்கடித்தது. நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் எம்டன் வீழ்ந்தது. சென்னையில் பிறந்த ஒரு தமிழ்ச்சொல்லின் மறுபாதிக் கதை நம் கண்முன் உள்ள இந்தக் கடலில் நிகழ்ந்திருக்கிறது.

ஜெரெஜாக்: நம் முன்னோர் முதலில் மிதித்த மண்

பினாங்குப் பாலத்தில் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும்போது இடப்பக்கம் பசுமையாகத் தெரிவதே ஜெரெஜாக் தீவு. இரண்டாம் நாள் காலையில் படகில் அங்குச் சென்றோம். கடக்க அதிக நேரம் பிடிப்பதில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தீவில் தொழுநோயாளர் இல்லம் அமைந்தது. தொடர்ந்து, கப்பலில் வந்திறங்குவோரைத் தடுத்து வைத்து நோய்ச் சோதனை செய்யும் தனிமைப்படுத்தல் நிலையமும் இங்கு ஏற்பட்டது. 1930களில் தொழுநோயாளர்கள் சுங்கை பூலோவுக்கு மாற்றப்பட்டனர். 1969 முதல் 1993 வரை இது சிறைத்தீவு. 2004இல் உல்லாச விடுதி ஒன்று திறக்கப்பட்டது. அதுவும் பின்னர் மூடப்பட்டது.

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய தோட்டத் தொழிலாளர் பலருக்கு மலாயா மண் என்பது முதலில் ஜெரெஜாக்தான். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணிமுறையோ 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை நீடித்தது. அதுவரை வந்தவர்களில் ஒருவர் என் கொள்ளுத்தாத்தா. கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவரைப் பற்றி என் தாத்தா சொல்வது இரண்டே வரிகள்தாம்: "அப்பாவக் கப்பல்லருந்து எறக்கித் தீவுல ஒரு வாரம் போட்டு வச்சாங்கய்யா. உடுத்துன துணியக்கூட வாங்கி ஆவியில அவிச்சுத்தான் கொடுத்தாங்களாம்."

எந்தத் தீவு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பினாங்குத் தீவையே சொல்கிறார் என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தோம். குடியேற்ற வரலாற்றைப் படித்தபோதுதான், வடக்கே இறங்கியவர்களுக்கு அந்தத் 'தீவு' ஜெரெஜாக் என்பது விளங்கியது. குழுவிலிருந்த நண்பர்களிடம் இதைக் கூறியபோது, மேலும் நால்வர் தத்தம் வீட்டிலும் 'தீவுல வச்சிருந்த' கதை உண்டு என்றனர். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு ஆணை வந்தபோது நாமும் அடைபட்டிருந்தோம். நமக்குக் கைப்பேசி இருந்தது. வெளியே குடும்பம் இருந்தது. மொழி தெரியாத நாட்டில், முன்பின் அறியாதவர்களோடு, ஊருக்குத் திரும்புவோமா என்று அறியாமல் காத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

தீவில் இடிந்த கட்டடங்களும் பழைய தேவாலயத்தின் சிதைவும் கல்லறைகளும் உள்ளன. ஜெம்சுக் கப்பலின் ரஷ்ய மாலுமிகளுக்கு ஒரு நினைவுச்சின்னமும் உண்டு. அந்நினைவுச்சின்னத்தைக் கண்டபோது மகிழ்ச்சியாகவே இருந்தது; இறந்தவரைத் தம் நாடு மறவாமல் இருப்பது நல்லதே. ஆனால், நாங்கள் நடந்த வழியில் தமிழ் எழுத்து ஒன்றைக்கூடக் காணவில்லை. இத்தீவை மேம்படுத்தும் பேச்சு பல ஆண்டுகளாக அவ்வப்போது எழுகிறது. எது கட்டப்பட்டாலும், இவ்வழியே வந்தவர்களைப் பற்றி நான்கு வரி தமிழில் அங்கு இருக்க வேண்டும். அதைக் கேட்கும் கடமை வேறு யாருக்கும் இல்லை, நமக்கே உண்டு.

பறங்கிக்கல் கடற்கரை

அன்று மாலை பத்து ஃபெரிங்கியை அடைந்தோம். மலாயில் 'பத்து' என்றால் கல். 'ஃபெரிங்கி' என்றால் போர்த்துகீசியர் அல்லது ஐரோப்பியர். நம் 'பறங்கி'யும் இதுவும் ஒரே வேரின. ஃபிராங்கு என்னும் ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீகம் வழியாகக் கீழைநாடுகளுக்கு வந்து இவ்வாறு திரிந்தது. சென்னையின் பறங்கிமலை, கடலூர் மாவட்டத்துப் பறங்கிப்பேட்டை, நாம் உண்ணும் பறங்கிக்காய் ஆகியவை எல்லாம் இந்தக் கடற்கரைக்கு உறவு. தமிழில் பெயரிடுவதாயின் இதனைப் 'பறங்கிக்கல்' எனலாம்.

வானம் தெளிவாக உள்ள நாளில் வடக்குக் கரையிலிருந்து கடலுக்கு அப்பால் கெடாவின் ஜெராய் மலை தெரியும். அக்காலக் கப்பலோட்டிகளுக்கு அதுவே அடையாளம். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. நம் இலக்கியமும் கல்வெட்டும் கூறும் கடாரம். முதலாம் இராசேந்திரன் 1025இல் மேற்கொண்ட கடற்படையெடுப்பின் இலக்குகளுள் அதுவும் ஒன்று. அரசனின் கப்பலில் வந்தவர்களையும் ஆங்கிலேயரின் கப்பலில் வந்தவர்களையும் இந்தக் கடல் கண்டிருக்கிறது. முதல் வகையினரைப் பற்றி மேடைகளில் பேசுகிறோம். நம்மில் பலர் இரண்டாம் வகையினரின் பேரப்பிள்ளைகள் என்பதையும் அதே குரலில் பேச வேண்டும்.

கடற்கரையில் மகிழும்போது 2004 டிசம்பர் 26ஐயும் நினைவிற்கொள்ள வேண்டும். அன்றைய ஆழிப்பேரலையில் மலேசியாவில் உயிரிழந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் மாண்டவர்கள். கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதைக் குழுவினர் அனைவர்க்கும் சொல்லியே தண்ணீரில் இறங்க விட்டோம்.

அடுத்த குழுவினர்க்குச் சில கருத்துகள்

1. இடத்திற்கு ஒருவரை முன்கூட்டியே பொறுப்பாக்குங்கள். அவர் படித்து வந்து ஐந்து நிமிடம் தமிழில் பேசட்டும். ஐந்து நிமிடத்திற்கு மேல் வேண்டா, வெயில் பொறுக்காது.

2. நகரைக் காலையில் நடந்தே பாருங்கள். கோட்டையிலிருந்து சூலியா சாலை வரை பேருந்து தேவையில்லை.

3. படகுக்கு முன்பதிவு செய்து, திரும்பும் நேரத்தையும் படகுக்காரரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கி அணியாதவரை ஏற்றாதீர்கள்.

4. தண்ணீர்மலை முருகன் ஆலயத்திற்குத் தனியாக ஒரு மாலையை ஒதுக்குங்கள். 2012இல் குடமுழுக்கு கண்ட மலைக்கோயிலுக்கு 513 படிகள், அவசரத்தில் ஏறக்கூடாது.

5. புறப்படுமுன் ஒவ்வொருவரும் வீட்டில் மூத்தவரிடம் ஒரு கேள்வி கேட்டு வரட்டும்: "நம் வீட்டில் முதலில் கப்பலேறியவர் யார்? எங்கே இறங்கினார்?"

முடிவுரை

ஐந்தாவது கருத்தே இவற்றுள் முதன்மையானது. கோட்டையும் மணிக்கூண்டும் இன்னும் நூறாண்டு நிற்கும்; அவற்றைப் பேணச் சட்டமும் பணமும் உண்டு. தாத்தா பாட்டியின் இரண்டு வரிக் கதைகளுக்கு அத்தகைய காப்பு இல்லை. அவற்றை எழுதி வைக்கும் பணியை நம் கழகம் மேற்கொள்ளலாம். அடுத்த ஆண்டுச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தில் தம் குடும்பத்தின் கப்பல் கதையை எழுதித் தர வேண்டும் என்று செயற்குழுவிடம் முன்மொழிந்துள்ளேன். முன்னாள் மாணவர்களும் தத்தம் வீட்டுக் கதைகளை எழுதி அனுப்பினால், சில ஆண்டுகளில் நம் கையில் ஒரு நல்ல தொகுப்பு இருக்கும். ஜெரெஜாக்கில் நான்கு வரி தமிழ் வேண்டும் என்று கேட்கச் செல்லும் நாளில், அத்தொகுப்பைக் கையோடு கொண்டு செல்லலாம்.