வெடிச்ச கப் சொன்ன பாடம்: பாட்டரி வகுப்பில் சேரும் முன்

செமஸ்டர் லீவில் என்ன பண்ணலாம்னு யோசிக்கிறீங்களா? பக்கத்தில் பாட்டரி ஸ்டுடியோ இருந்தா ஒரு தொடக்க வகுப்பில் சேர்ந்து பாருங்க. போன வருஷம் புதுச்சேரியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் நான் சேர்ந்தேன். ஆறு வாரம், சனியும் ஞாயிறும். என் முதல் கப் சூளைக்குள்ளேயே வெடிச்சது. சில்லு பட்டு, கூடப் படிச்ச ஒரு டீச்சரோட கிண்ணமும் விளிம்பு உடைஞ்சு போச்சு. ஏன் வெடிச்சதுன்னு புரிஞ்சாலே வகுப்பில் சொல்றதில் பாதி புரிஞ்சிடும். அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தப்பு எங்கே நடந்தது?

அம்மா பிறந்தநாளுக்குள் கப் தயாராகணும்னு எனக்கு அவசரம். "அடி தடிமனா இருக்கு, இன்னும் ஒரு வாரம் காயட்டும்"னு சொல்லித்தர்ற அக்கா சொல்லியிருந்தாங்க. அவங்க அந்தப் பக்கம் போனதும், நானே கப்பை எடுத்துக் காய்ந்தவை வைக்கிற தட்டில் வெச்சுட்டேன். மேலே வெளுத்திருந்தது, ஆனா அடிக்குள்ளே ஈரம்.

தண்ணீர் நீராவியாகும்போது அதன் கன அளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும். மெல்லிய சுவர்னா ஆவி வெளியே கசிஞ்சிடும். இரண்டு விரல் தடிமனான அடியில் அதுக்கு வழி கிடைக்காது. 100 டிகிரியைத் தாண்டினதும் மண்ணைப் பிளந்துக்கிட்டு வரும். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் இதைவிடப் பெரிய கணக்கெல்லாம் போட்டிருக்கோம், கையில் இருந்த கப்புக்குப் போடத் தோணலை!

காய்ஞ்சதான்னு பார்க்க அக்கா சொல்லித்தந்த சோதனை ரொம்ப எளிது. பாத்திரத்தின் அடியைக் கன்னத்தில் வைங்க. ஜில்லுனு இருந்தா ஈரம் இன்னும் ஆவியாகிட்டு இருக்குன்னு அர்த்தம். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான்.

வகுப்பில் என்ன நடக்கும்?

முதல் நாளே சக்கரத்தில் உட்கார வைக்கலைன்னு ஏமாந்துடாதீங்க. முதலில் மண்ணைப் பிசையணும், சப்பாத்தி மாவு மாதிரி. ஆனா நோக்கம் வேற: உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்களை வெளியேற்றி, ஈரத்தை எல்லா இடத்திலும் ஒரே அளவாக்குவது. பிறகு கையாலேயே செய்யும் முறைகள்: உருண்டையைக் கிள்ளிக் கிண்ணமாக்குவது, கயிறு திரித்து அடுக்குவது, தட்டையாகத் தேய்த்து ஒட்டுவது.

அதுக்கப்புறம்தான் சக்கரம். அரைக் கிலோ மண்ணை நடுவில் அறைஞ்சு, ஆட்டமில்லாமல் சுழல வைக்கணும். இதைத்தான் சென்டரிங் என்பார்கள். எனக்கு மூணு வகுப்பு இதிலேயே போச்சு. விரல் பலத்தால் முடியாது. முழங்கையைத் தொடையில் ஊன்றி, உடம்பு எடையைச் சாய்க்கணும். கை அசையாமல் இருந்தா மண் தானே நடுவுக்கு வரும். தண்ணீரை அளவாத் தொடுங்க, அதிகமானா சுவர் தொளதொளன்னு சரிஞ்சிடும்.

வனைஞ்சதும் வேலை முடியலை. மண் தோல் மாதிரி இறுகும் பதம் வரும்போது அடியைச் செதுக்கணும், கைப்பிடி ஒட்டணும். அப்புறம் முழுசாக் காயணும், அதுக்கப்புறம் சூளை. அங்கே சுமார் 450 முதல் 600 டிகிரிக்குள் மண்ணின் மூலக்கூறோடு பிணைந்த நீர் வெளியேறும். அதுக்கப்புறம் அதைத் தண்ணீரில் ஊறவெச்சாலும் களிமண்ணாகாது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் படிக அமைப்பை மாற்றிச் சட்டுனு விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். "சூளையை எப்போ திறப்பீங்க?"ன்னு அவசரப்படுத்தக் கூடாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு கணக்கு: மண் சுருங்கும். மொத்தச் சுருக்கம் 12 சதவீதம்னா, 10 செ.மீ. உயரக் கப்புக்கு 11.4 செ.மீ. உயரத்தில் வனையணும்.

என்ன வாங்கணும், என்ன வேண்டாம்?

நான் முதல் வாரமே ஆன்லைனில் இருபது கருவி கொண்ட செட் வாங்கினேன். பயன்பட்டது நாலே நாலு. நீங்க இப்படிப் பண்ணுங்க:

1. மண் வெட்டும் கம்பி: பழைய கிடார் கம்பியின் இரு முனையிலும் பட்டன் கட்டினாப் போதும்.

2. ஸ்பாஞ்ச், ஊசி: வீட்டில் இருப்பதே போதும். ஊசியை ஒரு கார்க்கில் குத்திக்குங்க.

3. சுவரை வழிக்கும் தகடு: காலாவதியான ஏடிஎம் கார்டை வளைவா வெட்டிக்கலாம்.

4. அடி செதுக்கும் வளையக் கருவி: இதை மட்டும் காசு கொடுத்து நல்லதா வாங்குங்க.

5. மண்: ஸ்டுடியோவிலேயே ஐந்து கிலோ வாங்கி, இரட்டை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைங்க. சூளைக்குப் போகாத மண் காய்ஞ்சாலும் வீணாகாது, வாளித் தண்ணீரில் ஊறவெச்சாத் திரும்பவும் மண்தான்.

சக்கரம் இப்போதைக்கு வேண்டாம்.

மண் வாங்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: "இது எந்த வெப்பநிலைக்கான மண்?" மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சது, கடம் செய்யும் ஊர். அந்த மாதிரிச் செம்மண் பாண்டங்கள் குறைந்த சூட்டில் வேகுபவை. பல ஸ்டுடியோக்களில் செய்யும் ஸ்டோன்வேர் 1,200 டிகிரிக்கு மேல் சுடப்படுவது. ஊர்க் குயவரிடம் வாங்கிய மண்ணை அந்தச் சூளையில் சொல்லாமல் வெச்சா, அது குழைந்து உருகித் தட்டையும் கெடுக்கும். எந்த மண் உசத்தி என்பது பேச்சே இல்லை. மண், கிளேஸ், சூளை மூணும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும்.

புதுச்சேரியில் இத்தனை ஸ்டுடியோக்கள் இருப்பதுக்கும் ஒரு கதை இருக்கு. 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினாங்க. அங்கே பயின்ற பலர் பிறகு சொந்தமா ஸ்டுடியோ வெச்சாங்க.

சேரும் முன் இவற்றையும் கேட்டுக்குங்க: கட்டணத்தில் மண்ணும் சூளைச் செலவும் சேர்ந்ததா, தனியா? கிளேஸ் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஏற்றதா, ஈயம் இல்லாததா?

இரண்டு எச்சரிக்கை. காய்ந்த மண் தூளைப் பெருக்காதீங்க, ஈரத்துணியால் துடைங்க. அதிலுள்ள சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது. மண் கழுவிய தண்ணீரை ஹாஸ்டல் சிங்க்கில் ஊத்தாதீங்க, குழாய் அடைச்சா வார்டனிடம் நீங்கதான் பதில் சொல்லணும்!

அப்புறம் என்ன ஆச்சு?

கப் வெடிச்சதும் நான்தான் மாத்தி வெச்சேன்னு அக்காவிடம் ஒத்துக்கிட்டேன். அவங்க திட்டலை. ஒரு சில்லைக் கையில் கொடுத்து, "தடிமனை அளந்து பாரு" என்று மட்டும் சொன்னாங்க. 22 மில்லிமீட்டர். கடைசி இரண்டு வாரமும் டீச்சருக்காகக் கிண்ணம் வனைஞ்சேன். மூணாவதுதான் தேறியது. அதைக் கன்னத்தில் வெச்சுப் பார்த்துட்டு, இன்னும் நாலு நாள் காயவெச்சேன்.

அம்மாவுக்கு பிறந்தநாள் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுத்தான் கப் போச்சு. கொஞ்சம் கோணல். காபி அதில்தான் குடிக்கிறாங்க.